தற்காலிக வீட்டை நீங்களே கட்டும்போது

நீங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பியதும் கிடைக்கும் வீட்டுப் பொதியில் பொதுவாகக் கூரைத்தகரம், மரம், சீமெந்து, தறப்பாள், ஆணி, கட்டுக்கம்பி ஆகியன இருக்கும். அயலவர்கள் கைகொடுத்தால் இவற்றைக் கொண்டு சில நாட்களில் ஒரு வீட்டை எழுப்பிவிடலாம். நிரந்தர வீடு கட்டும் காலம் வந்ததும் இதே தகரமும் மரமும் குசினிக்கோ ஆட்டுக்கொட்டிலுக்கோ உதவும். எனவே, மாரியைத் தாங்கக்கூடியதாகவும் பிறகு பழுதின்றிக் கழற்றக்கூடியதாகவும் கட்டுங்கள்.

பொருட்களைப் பெறும்போது

பட்டியலை வாசித்து, எண்ணிப் பார்த்த பின்னரே கையொப்பம் இடுங்கள். இவை இலவசம். பட்டியலில் பெயர் சேர்க்கவோ பொருட்களை ஏற்றி இறக்கவோ யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். எமது களப் பணியாளரிடம் தெரிவியுங்கள். சீமெந்துப் பைகளை நிலத்தில் வைக்காமல் பலகையின் மேல் அடுக்கி, தறப்பாளால் மூடுங்கள். ஈரம் பட்டால் சீமெந்து கட்டியாகிவிடும்.

இடத்தைத் தெரிவு செய்தல்

கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்பட்ட காணியில் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். கம்பு வெட்டுவதற்காகப் பற்றைக்குள் போகவேண்டாம். குழி தோண்டும்போது சந்தேகத்துக்குரிய பொருள் எதையாவது கண்டால் தொடாதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலரிடமோ பொலிசாரிடமோ அறிவியுங்கள்.

பழைய வீட்டின் அத்திவாரத்தின் மேல் இதைக் கட்ட வேண்டாம். நிரந்தர வீட்டுக்கு அந்த இடம் தேவைப்படலாம். மேட்டு நிலமாகப் பார்த்து, கிணற்றையும் மலசலகூடத்தையும் ஒன்றுக்கொன்று தள்ளி வைக்கக்கூடியதாகத் திட்டமிடுங்கள்.

அளவும் தூண்களும்

ஒருவருக்கு ஆகக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும் என்பது நிவாரணப் பணியில் பின்பற்றப்படும் சர்வதேச நியமம். 18 அடிக்கு 12 அடி வீடு ஏறத்தாழ 20 சதுர மீற்றர். ஐந்து பேருக்குப் போதும்.

நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளக்கும்போது இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் மூலைகள் சரி. இந்த அளவு பிழைத்தால் தகரம் ஒரு பக்கம் போதாமல் வரும்.

தூண்களை ஆகக் குறைந்தது 2 அடி ஆழத்தில் நட்டு, கல் போட்டு இறுக்குங்கள். மண்ணுக்குள் போகும் பகுதிக்குக் கழிவு எண்ணெய் பூசினால் கறையான் இலகுவில் ஏறாது. நிலத்தை ஒரு அடியாவது உயர்த்தி மண் இட்டு இறுக்குங்கள்.

கூரை

மாரி காலத்தில்தான் கூரைக்குச் சோதனை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் 2008 நவம்பரில் வடக்கைத் தாக்கிய நிஷா புயலும் அந்தக் காலத்திலேயே வந்தன. காற்று கூரையைக் கீழிருந்து மேலே தூக்கும். ஆகவே தூணோடு வளையையும், வளையோடு கைமரத்தையும் ஆணியோடு மட்டும் விடாமல் கட்டுக்கம்பியாலும் முறுக்கிக் கட்டுங்கள். தாழ்வாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட வேண்டாம்.

காற்று வரும் திசைக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து தகரத்தைப் போடத் தொடங்கினால் பொருத்துகளுக்குள் காற்றும் மழையும் புகாது. வளையத்துடன் கூடிய தகர ஆணியை மேட்டில் அடியுங்கள். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். தகரத்தை வெட்டாதீர்கள், முழுத் தகரம் பிறகும் பயன்படும்.

வெயிலில் தகரக் கூரை கடுமையாகச் சூடாகும். அதன் கீழ் கிடுகு கட்டினால் குளிர்ச்சி தரும். ஆனால் கிடுகு தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பை வீட்டுக்கு வெளியே தனிக் கொட்டிலில் வையுங்கள்.

உதவி தேவைப்பட்டால்

முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்கள் கட்டும் வேலையைத் தனியே சுமக்க வேண்டியதில்லை. நான்கைந்து குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து, ஒவ்வொரு வீடாகக் கட்டி முடியுங்கள். முதலில் அவர்களுடைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழு அமைக்க முடியாத குடும்பங்கள் கிராம அலுவலர் ஊடாகவோ நேரடியாகவோ எமக்கு அறியத்தாருங்கள்.