பனிவெளியில் ஒரு சரிவுப்பாதை

இயற்கை ஆவணப்படங்களைத் தொலைக்காட்சியில் காண்போர் காட்சிகளின் அழகில் தம்மை மறக்கின்றனர். அக்காட்சிகளைப் பதிவுசெய்தோர் எங்கு நின்றனர், எத்தனை நாள் காத்திருந்தனர் என்பன பெரும்பாலும் திரையில் தோன்றுவதில்லை. 2018ஆம் ஆண்டு பிபிசி ஒளிபரப்பிய 'டைனஸ்டிஸ்' என்னும் ஆவணத்தொடர் சிம்பன்சி, பேரரசப் பெங்குவின், சிங்கம், ஆப்பிரிக்கக் காட்டுநாய், புலி ஆகிய ஐந்து விலங்கினங்களின் வாழ்க்கையைக் கூறுகிறது. டேவிட் அட்டன்பரோ வருணனை வழங்கிய அத்தொடரில், பெங்குவின் பகுதி உருவான வரலாறு தனித்து அறியத்தக்கது.

குளிர்காலத்தில் தங்குதல்

பறவைகளுள் பெரும்பாலானவை இதமான பருவத்தில் இனப்பெருக்கம் செய்கின்றன. பேரரசப் பெங்குவின்களோ அண்டார்க்டிகாவின் கடுங்குளிரில் முட்டையிடுகின்றன. பெண்பறவை முட்டையை ஆண்பறவையிடம் ஒப்படைத்துவிட்டு இரைதேடிக் கடலுக்குச் செல்லும். ஆண்பறவை இரண்டு மாதங்களுக்கும் மேலாக முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, உணவின்றி அடைகாக்கும். ஆகவே, இப்பறவைகளின் வாழ்வை முழுமையாகப் படமாக்க விரும்புவோர் குளிர்காலம் முழுவதும் அவற்றின் அருகிலேயே தங்கியாக வேண்டும்.

அதன்பொருட்டு மூவர் கொண்ட படக்குழு, ஜெர்மனியின் மூன்றாம் நியூமேயர் ஆய்வு நிலையத்தில் ஏறத்தாழ 11 மாதங்கள் தங்கியது. அருகிலுள்ள அட்கா விரிகுடாவின் கடற்பனியில் பெங்குவின்கள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. குளிர்காலம் தொடங்கியபின் அங்கு வானூர்திகள் செல்வதில்லை. எத்தகைய தேவை நேரினும் இடையில் ஊர் திரும்ப இயலாது. ஒளிப்பதிவாளர் லிண்ட்சே மக்ரேயின் முதற்குழந்தை அக்காலத்தில்தான் பிறந்தது. தந்தைப் பறவைகள் முட்டையைக் காத்து நின்ற காட்சியை அவர் படமாக்கிய ஆண்டில், தம் குழந்தையைத் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ளும் நிலை அவருக்கு வாய்த்தது.

குளிரும் கருவிகளும்

அந்நிலப்பகுதியில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கதிரவன் எழுவதில்லை. நண்பகலில் தோன்றும் மங்கிய ஒளியே படப்பிடிப்புக்குத் துணை. காற்றின் கடுமையையும் சேர்த்துக் கணக்கிட்டால், குளிர் சுழியத்திற்குக் கீழே 60 பாகை செல்சியஸ் வரை உணரப்படும். கடுங்குளிரில் மின்கலத்தின் உள்ளே நிகழும் வேதிவினை மந்தமடைவதால் அதன் ஆற்றல் விரைவில் குன்றும். முக்காலியின் சுழலும் பகுதிகளில் உள்ள மசகு இறுகும். வெளியிலிருந்து வெப்பமான அறைக்குள் கருவியைத் திடீரெனக் கொண்டுவந்தால், காற்றின் ஈரம் வில்லையின்மேல் நீர்த்துளியாகப் படியும். எனவே, படமெடுக்கும் திறமைக்கு இணையாகக் கருவியைப் பேணும் பொறுமையும் இன்றியமையாதது.

விதியும் இரக்கமும்

இயற்கையை உள்ளவாறே காட்டுதல் வேண்டும். அதில் தலையிடுதல் கூடாது என்பது இத்துறையினர் போற்றும் நெறி. மானைத் துரத்தும் சிங்கத்தைத் தடுத்தால் மான் பிழைக்கலாம். ஆனால், சிங்கக்குட்டிகள் பசியால் வாடும். ஓர் உயிருக்குச் செய்யும் உதவி மற்றோர் உயிருக்குத் தீங்காக முடியும் என்பதே அந்நெறியின் அடிப்படை.

இந்நெறிக்கு ஒரு சோதனை நேர்ந்தது. பெங்குவின்கள் சில, குஞ்சுகளுடன் செங்குத்தான பனிப்பள்ளம் ஒன்றில் சிக்கிக்கொண்டன. குஞ்சைப் பாதங்களின்மேல் சுமந்தபடி வழுக்கும் சரிவில் ஏறப் பறவைகளால் இயலவில்லை. குஞ்சுகள் பல மடிந்தன. அலகைப் பனியில் ஊன்றி ஊன்றி, ஒரு தாய்ப்பறவை தன் குஞ்சுடன் மேலேறியதைக் குழுவினர் பதிவுசெய்தனர். எஞ்சியவை அங்கேயே தவித்தன.

வானிலை சீரடைந்து மீண்டும் அங்குச் சென்றபோது, குழுவினர் ஒரு முடிவுக்கு வந்தனர். மண்வாரியால் பனியை வெட்டி, ஆழமற்ற சரிவுப்பாதை ஒன்றை அமைத்தனர். எந்தப் பறவையையும் அவர்கள் தொடவில்லை, விரட்டவுமில்லை. பாதையைக் கண்ட பறவைகள் தாமாகவே குஞ்சுகளுடன் மேலேறின. இச்செயலால் வேறு எந்த விலங்கின் வேட்டையும் தடைப்படவில்லை. பறவைகளின் இயல்பும் மாறவில்லை. எனினும், நெறியிலிருந்து விலகியதை அவர்கள் மறைக்கவில்லை. தாம் செய்ததை நிகழ்ச்சியிலேயே காட்டினர். அதனால், தலையிட்டது சரியா என்னும் வினாவைப் பார்வையாளர்களும் தமக்குள் எழுப்பிக்கொள்ள முடிந்தது.

கண்டதைக் கண்டவாறு காட்டுதல் ஆவணப்படத்தின் கடமை. தாம் செய்ததையும் செய்தவாறு காட்டுவது அக்கடமையின் மறுபாதி. அட்கா விரிகுடாவில் வெட்டப்பட்ட அச்சிறுபாதை அடுத்த பனிப்பொழிவில் மூடியிருக்கும். அதன்வழி ஏறிய குஞ்சுகளுக்கோ அதுவே வாழ்வின் தொடக்கமாயிற்று.