கல்லும் மரமும்

கலை என்றதும் சுவரில் மாட்டிய ஓவியமே நம் நினைவுக்கு வருகின்றது. ஆனால், 1982 இல் ஜேர்மனியின் காசல் நகரில் நடைபெற்ற கலைக்காட்சியிற் சிற்பி யோசேப் பொய்ஸ் செய்தது வேறு. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான 7,000 கற்களைக் காட்சிச்சாலையின் முன் குவிப்பித்தார். நகரில் ஒரு மரம் நடுந்தோறும் அதன் அருகே ஒரு கல் நாட்டப்படும். மரம் நட்டாலன்றிக் குவியல் குறையாது. கற்குவியலைக் கண்டு நகரத்தார் பலர் முகஞ்சுளித்தனர். எனினும், 1943 இல் குண்டுவீச்சால் அழிந்த அந்நகரில் மரங்கள் ஒவ்வொன்றாய் எழுந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஓக் மரங்கள்.

1986 இல் பொய்ஸ் காலமானார். இறுதி மரத்தை மறு ஆண்டில் அவர் மைந்தர் நட்டார்.

அன்று மெலிந்த கன்றின் அருகே கல்லே கனத்துத் தோன்றிற்று. இன்றோ மரம் ஓங்கி நிற்க, கல் அதன் நிழலிற் சிறுத்து நிற்கின்றது. கல் வளராது, மரம் வளரும். அவ்வேறுபாட்டினைக் காட்டுதற்கு அவர் வேண்டியது வண்ணமன்று, காலமே.

இயற்கை அழிகின்றதென்று நாம் வருந்துகின்றோம்; வருத்தத்தைச் சித்திரமாகத் தீட்டுதலும் நன்றே. ஆயினும், தீட்டிய சித்திரம் நாள்தோறும் மங்கும். நட்ட சித்திரமோ நாள்தோறும் தழைக்கும். அதனைக் காப்பவர் கலைஞர் அல்லர். நீரூற்றும் அயலவராகிய நாமே.