காலால் அறியும் வழி

பொது இடங்களின் அறிவிப்புகள் என்றதும் கண்ணால் படிக்கும் பலகைகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ரயில் நிலையங்களிலும் நடைபாதைகளிலும் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டு, நாம் தினந்தோறும் மிதித்துச் செல்கிற மஞ்சள் ஓடுகளும் ஒருவகை அறிவிப்பே என்பதையும், அந்த அறிவிப்பு பார்வையற்றவர்களின் பாதங்களுக்கும் அவர்கள் கையிலுள்ள வெள்ளைக் கோலுக்கும் உரியது என்பதையும் நம்மில் பலர் அறியாமலே இருக்கிறோம். கால் வழுக்காமல் இருப்பதற்காகவோ அலங்காரத்துக்காகவோ போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுகிறவர்களும் உண்டு.

அந்த ஓடுகளில் முக்கியமானவை இரண்டு வகை. நீளவாட்டில் வரிகள் எழும்பியிருந்தால் அந்தத் திசையில் தைரியமாக நடக்கலாம் என்று அர்த்தம். வட்டமான குமிழ்கள் எழும்பியிருந்தால் நின்று கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். பாதை திரும்பும் இடத்திலும், படிக்கட்டின் தொடக்கத்திலும், சாலையைக் கடக்கும் முனையிலும் குமிழ்கள் வரவேண்டும். ஜப்பானியத் தரவிதியின்படி இந்த மேடுகளின் உயரம் 5 மில்லிமீட்டர்தான். செருப்பணிந்த காலுக்குப் புலப்பட அதுவே போதுமானதாக இருக்கிறது.

இவற்றை உருவாக்கியவர் ஜப்பானில் ஒகயாமா நகரத்தவரான செயிச்சி மியாகே. பார்வையை இழந்துவந்த தம் சிநேகிதர் ஒருவர் தெருவில் நடமாடப் படும் சிரமத்தைக் கண்டு, 1965-ஆம் ஆண்டில் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அவர் செய்த இந்த ஓடுகள், 1967 மார்ச் 18-ஆம் தேதி ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளியை அடுத்த தெருவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. சில வருஷங்களில் ரயில் பிளாட்பாரங்களுக்கும் வந்து, பிறகு பல தேசங்களுக்கும் பரவின. ஒரு மனிதரின் சிநேக பாவத்திலிருந்து பிறந்த சாதனம் இவ்வளவு தூரம் பிரயாணம் செய்திருப்பதை நினைக்கையில் மனம் நெகிழ்கிறது.

பிளாட்பாரத்து அனுபவம் ஒரு நுட்பமான குறையை வெளிப்படுத்தியது. விளிம்பையொட்டிக் குமிழ் ஓடுகள் மட்டும் இருந்தால், அவற்றின்மேல் வந்து நிற்கும் பார்வையற்றவருக்கு அபாயம் அருகில் இருப்பது தெரியுமேயன்றி, தண்டவாளம் எந்தப் பக்கம் என்பது தெரியாது. கூட்டத்தில் இடிபட்டுத் திசை மாறிவிட்டாலோ, பின்வாங்குவதாக எண்ணிக்கொண்டு அவர் பள்ளத்தை நோக்கியே அடியெடுத்து வைக்கக்கூடும். ஆகவே ஜப்பானில் குமிழ்களுக்கு உட்புறமாக, பிளாட்பாரத்தின் பக்கத்தில், நீண்ட வரி ஒன்றைச் சேர்த்தார்கள். வரி தட்டுப்படும் பக்கம் பத்திரமான பக்கம். பொது இடங்களை அமைப்பவர்கள் கற்க வேண்டிய பாடமெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன்.

மஞ்சள் நிறத்துக்கும் காரணம் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சிறிதளவேனும் பார்வை எஞ்சியிருப்பதால், சாம்பல் நிறத் தரையில் மஞ்சள் பட்டை அவர்களுக்கு மங்கலாகவாவது தென்படும். கட்டடத்தின் அழகுக்குப் பொருந்தவில்லை என்று தரையின் நிறத்திலேயே ஓடு பதிப்பிப்பவர்கள், அந்த எஞ்சிய ஒளியின் பிரயோஜனத்தையும் பறித்துவிடுகிறார்கள்.

சென்னையில் 2015-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் நிலையங்களில் இப்பாதைகளைக் காணலாம். நம் தெருக்களின் நிலையோ வேறு. மஞ்சள் பாதையின்மேல் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்துகிறோம். கடைக்காரர் தம் பலகையை அதன்மேலேயே வைக்கிறார். நேராகச் செல்லும் வரிகள் மின்சாரப் பெட்டியில் போய் முட்டி நிற்பதும், திரும்பும் இடத்தில் குமிழ்கள் இல்லாமற்போவதும், ஓடு குறைந்த இடத்தில் கையில் அகப்பட்டதைக் கொண்டு கொத்தனார் நிரப்பிவிடுவதும் சகஜமாகிவிட்டன. தவறாகப் பதித்த ஓடு வெறுந்தரையைவிடக் கொடியது. ஏனெனில், அதை நம்பி ஒருவர் கால் வைக்கிறார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களில் தடையற்ற வசதியை வற்புறுத்துகிறது. அதை நிறைவேற்றும் அதிகாரிகள், ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், வெள்ளைக் கோலுடன் நடந்து பழகிய பார்வையற்றவர் ஒருவரை அழைத்து, அந்தப் பாதை நெடுக நடந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளலாம்.