ஒரு குழாய் திருடு போனால் ஏன் எஃப்.ஐ.ஆர். கிடைப்பதில்லை?

காலையில் எழுந்து பார்த்தால் ஓவர்ஹெட் டேங்க் காலி. தோட்டத்துப் பக்கம் இருந்த பித்தளைக் குழாயைக் காணோம். ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடியிருக்கிறது. குழாய் விலை சில நூறு ரூபாய்தான். அன்றைக்கு வாங்கும் லாரித் தண்ணீர்தான் கடிக்கும்.

ஏன் குழாய்? பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம். காயலான் கடையில் எடைக்குக் காசு. கழற்ற ஒரு ரெஞ்ச் போதும்.

சிக்கலே ஸ்டேஷனில்தான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவுப்படி, திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆனால், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. முதல் தடவை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், தண்டனை சமூக சேவைதான். (வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு 305-வது பிரிவு; அது கடுமையானது.)

அதனால் 'ஒரு குழாய்தானே' என்று விடாமல், அதே ராத்திரி போன குழாய், வால்வு, மீட்டர் எல்லாவற்றையும் பில்லோடு சேர்த்து அசோசியேஷன் மூலமாகப் புகார் கொடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கும் கடைக்காரருக்கும் 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

வெளிக்குழாய் லைனுக்குத் தனி கேட் வால்வு வைத்து ராத்திரி மூடிவிட்டால், குழாய் போனாலும் தண்ணீர் மிஞ்சும். பித்தளைக்குப் பதில் பிளாஸ்டிக் குழாயும் போடலாம். சீக்கிரம் உடையும்தான், ஆனா யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.