பார்த்தா கேக்டஸ், உடைச்சா பால்: கனாரி தீவுகளின் கார்டோன்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் போட்டோ. டெனரிஃப் தீவுக்கு டூர் போயிருந்த நண்பன் அனுப்பினான். கருப்பு எரிமலைப் பாறை, பின்னால் கடல், நடுவுல ஆள் உயரத்தைத் தாண்டி நூற்றுக்கணக்கான பச்சைத் தூண்கள். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "டேய், செம கேக்டஸ்டா! உன் பால்கனிக்கு ஒரு துண்டு உடைச்சிட்டு வரவா?"

உடனே போன் பண்ணி, "கை வைக்காதே!"ன்னு சொன்னேன். ஏன்னா அது கேக்டஸே இல்லை.

டெனரிஃப், ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரி தீவுகளில் ஒண்ணு. ஆப்பிரிக்காவோட வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் இருக்கிற எரிமலைத் தீவுகள் இவை. அங்கே கடலோரத்து வறண்ட சரிவுகளில் இயற்கையா வளர்ற செடி இது. உள்ளூர் பெயர் கார்டோன். அறிவியல் பெயர் யூஃபோர்பியா கனாரியென்சிஸ், 1753ல லின்னேயஸ் வெச்சது. கிரான் கனாரியா தீவு இதைத் தன்னோட அடையாளச் செடியாவே வெச்சிருக்கு.

இதோட சொந்தக்காரங்க யார் தெரியுமா? ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் மரம். நம்ம ஊர் சதுரக்கள்ளி இன்னும் நெருங்கின உறவு. ரெண்டும் ஒரே பேரினம். ஆனா கேக்டஸ் வேறு குடும்பம். ஒரே ஒரு இனத்தைத் தவிர எல்லா கேக்டஸும் இயற்கையில் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. நம்ம கிராமத்து வேலியில் நிற்கிற சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்ததுதான்.

அப்புறம் எப்படி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு? பிரச்சினை ஒண்ணு, அதனால தீர்வும் ஒண்ணு. மழை குறைவான இடத்தில் இலை இருந்தா அது வழியா தண்ணீர் ஆவியாகிப் போயிடும். அதனால இலையை விட்டுட்டு, பச்சைத் தண்டே சமையல் வேலையைப் பார்க்குது. தண்டில் இருக்கிற விளிம்புகள், ஆர்மோனியத் துருத்தி மாதிரி, தண்ணீர் கிடைச்சா விரியும், இல்லைன்னா சுருங்கும். மூச்சுத் துளைகளைப் பகல் வெயிலில் மூடிட்டு ராத்திரியில் திறக்கும். தொடர்பே இல்லாத ரெண்டு குடும்பங்கள் தனித்தனியா இதே வழிக்கு வந்து சேர்ந்ததைக் குவிப் பரிணாமம்னு சொல்றாங்க.

ஆனா உள்ளே ஓடுறது வேற. பெரும்பாலான கேக்டஸை வெட்டினா தண்ணி மாதிரி சாறு வரும். கார்டோனில் சின்னக் கீறல் விழுந்தாலே வெள்ளைப் பால் பீறிட்டு வரும். தோலில் பட்டா எரிச்சல், கொப்புளம். கண்ணில் பட்டா கருவிழியே புண்ணாகி, பார்வை மங்கிப்போகலாம். முன்னாடி அந்தத் தீவுக்காரங்க, பாறைக் குட்டைகளில் மீனை மயக்கிப் பிடிக்க இந்தப் பாலைத்தான் கலந்தாங்க. ஆடுகூட இதை ஒதுக்கிடும். அதனாலேயே, ஆடு விரும்பித் தின்கிற வேற சில செடிகள் இந்தத் தூண்களுக்கு நடுவில் பத்திரமா வளருது.

சரி, நமக்கு இது எதுக்கு? நர்சரியில் "கேக்டஸ்"னு வாங்கிட்டு வர்ற தொட்டிச் செடிகளில் பல, யூஃபோர்பியாதான். வெட்டிப் பார்க்காமலேயே கண்டுபிடிக்கலாம். கேக்டஸில் முள் ஒரு சின்னப் பஞ்சு மெத்தை மாதிரி புள்ளியிலிருந்து கிளம்பும். கார்டோன், சதுரக்கள்ளி மாதிரி செடிகளில் அந்தப் பஞ்சு இருக்காது. விளிம்பு ஓரமா முள் ஜோடி ஜோடியா இருக்கும்.

சந்தேகமா இருந்தா கையுறை, கண்ணாடி போட்டுட்டு வெட்டுங்க. கையில் பட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க; அதுவரை கண்ணைத் தொடாதீங்க. கண்ணில் பட்டுட்டா தேய்க்காம, சுத்தமான தண்ணீரால் குறைஞ்சது 15 நிமிஷம் விடாம கழுவிட்டு, நேரா கண் டாக்டர்கிட்ட போங்க. செடியோட போட்டோவையும் காட்டுங்க. இப்போ வலி கம்மியா இருக்கேன்னு விட்டுடாதீங்க. சில மணி நேரம் கழிச்சும் வலி அதிகமாகும்.

கள்ளிப்பால் ஆபத்துன்னு நம்ம பாட்டிகளுக்கு நல்லாவே தெரியும். நாமதான் எல்லாத்துக்கும் கேக்டஸ்னு ஒரே பேரை வெச்சு அதை மறந்துட்டோம்.

நண்பன் துண்டு எதுவும் எடுக்கலை. இந்த வகைச் செடிகளை அனுமதி இல்லாம நாடு விட்டு நாடு கொண்டு போகவும் கூடாது. போட்டோ மட்டும் வந்துச்சு. இப்போ அதுதான் என் போன் வால்பேப்பர். அடுத்த எபிசோடில் சந்திப்போம்!