டார்த் வேடர் அணிந்த கவசம்

கவசம் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் நம் உள்ளத்தில் எழுவது பகைவரின் படைக்கலத்தைத் தடுக்கும் இரும்புடையேயாம். கர்ணனுடைய கவசமோ உடலோடு பிறந்தது. ஆயினும் அதனை அறுத்தீந்த பின்னரும் அவன் உயிரோடிருந்து போர் புரிந்தான். கழற்றிய மாத்திரத்தில் அணிந்தவனே மாளும்படியான கவசமும் ஒன்றுண்டு. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ஜார்ஜ் லூக்காஸ் எழுதி இயக்கி வெளிவந்த ஸ்டார் வார்ஸ் என்னும் திரைப்படத்தில் வரும் டார்த் வேடர் என்னும் கொடியோன் அணிந்திருப்பது அத்தகையது. விண்ணூர்திகளும் மந்திர வலிமையும் ஒருங்கே விரவிய அக்கதையை விஞ்ஞானக் கதை என்பதினும், விஞ்ஞான வேடம் பூண்ட மாயக்கதை என்பதே பொருந்தும். ஆயினும், அவனை எளிதிற் கொல்லவியலாமைக்குக் காரணம் யாதென ஆராயப் புகுவோமாயின், மாயத்தினும் வைத்திய நூலே நமக்கு மிகுதியும் துணைசெய்யும்.

முதற்கண் அவ்வுடையை உற்று நோக்குவோம். தலைக்கவசம், முகமூடி, தோளையும் மார்பின் மேற்பகுதியையும் மறைக்கும் தகடு, முழங்காலின்கீழ் அமைந்த தகடு ஆகிய இவையே அதில் வன்மை மிக்க பகுதிகள். கைகளும் தொடைகளும் தையலிட்ட தடித்த தோலாடையால் மூடப்பட்டுள்ளனவேயன்றித் தகடு பெறவில்லை. ஐரோப்பாவின் இடைக்கால வீரர் விரல்களுக்குங்கூடத் தகடு செய்துகொண்டனர். போருக்கென்றே கவசம் சமைக்கும் கொல்லன் தொடையைத் திறந்து விடுவானோ? அன்றியும், மார்பின் நடுவே விளக்குகளும் விசைகளும் பதித்த பெட்டி ஒன்று வெளிப்படையாக அமைந்துள்ளது. பகைவன் முதலில் தாக்கும் இடத்தில் நொறுங்கத்தக்க கருவியை வைப்பது போர்முறையன்று. நோயாளியின் கட்டிலருகே வைத்தியர் கண்ணிற்படும்படி அளவுகாட்டியை வைக்கும் முறையே அது. ஆகவே, வேடர் அணிந்திருப்பது கவசத்தின் உருக்கொண்ட வைத்தியசாலை என்பதே நம் கருத்து.

இம்முகமூடி தோன்றிய வரலாறும் இதற்குத் துணைநிற்கும். தொடக்கத்தில் உருவங்களை வரைந்த ஓவியர் ரால்ஃப் மக்குவாரி, வேடர் ஒரு கப்பலினின்று மற்றொன்றிற்கு வெற்றிடத்தின் ஊடே செல்லவேண்டியிருக்குமாதலின், அவனுக்கு மூச்சுக்கருவி வேண்டுமெனக் கருதினார். சிறிதுபொழுது அணிதற்கென வரைந்த அக்கருவியே கதை வளர வளர என்றும் கழற்றலாகாததாயிற்று.

அவனுக்கு நேர்ந்தது யாது? 2002-இல் வெளிவந்த படத்தில் வலக்கையை இழக்கிறான். 2005-ஆம் ஆண்டுப் படத்தில், மஸ்டஃபார் என்னும் எரிமலைக் கோளில், தன் ஆசான் ஓபி-வான் கெனோபியின் ஒளிவாளால் மற்றக் கையையும் கால்கள் இரண்டையும் இழந்து, நெருப்பாற்றங்கரையில் உடல் முழுதும் தீப்பற்றி எரிகிறான்.

தோல் உடலின் மேற்போர்வை மட்டுமன்று. உள்ளிருக்கும் நீரைக் காப்பதும், கிருமிகளை விலக்குவதும், வெப்பத்தைச் சமன்செய்வதும் அதன் தொழில். பெருந்தீப்புண் பட்டோர் முதல்நாளில் நீரிழப்பாலும், பின்னாட்களில் கிருமித்தொற்றாலும் மடிவர். தப்பிப் பிழைப்போர்க்கும் ஆழ்ந்த புண் ஆறிய வடுவில் வியர்வைச் சுரப்பிகள் இரா. வியர்க்கவியலாத ஒருவனைக் கருந்தோலாடையில் பொதிந்து போருக்கு அனுப்பினால், பகைவன் வேண்டா. தன் உடற்சூடே அவனைக் கொன்றுவிடும். ஆதலின், அவ்வாடைக்குள் குளிரூட்டும் ஏற்பாடு ஒன்று இருந்தே தீரவேண்டும். சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ வீரர்கள் மெல்லிய நீர்க்குழாய்கள் தைத்த உள்ளாடை அணிந்தனர். வேடரின் உடையில் வரிவரியாகத் தோன்றும் மடிப்புகளுக்குள்ளும் அன்ன குழாய்கள் ஓடுவதாக நாம் ஊகிப்பது தகும்.

இனி மூச்சின் செய்தி. அனைவரும் அறிந்த அவ்வொலி, நீர்மூழ்குவோர் வாயிற்கொள்ளும் மூச்சுக்கருவிக்குள் ஒலிவாங்கியை வைத்து பென் பர்ட் என்பார் பதிவுசெய்தது. முதற்படத்தில் வாட்போர் நிகழும்போதும் அம்மூச்சு விரைவதில்லை என்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். ஓய்விலிருக்கும் மனிதன் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உட்கொள்வான். கடுமையாக உழைக்கும்போது அவ்வளவு 100 லிட்டரையும் கடக்கக்கூடும். அம்மிகுதியைப் பெரும்பாலும் வேண்டுவன கால்களின் பெருந்தசைகளே. வேடருக்கோ கால்கள் யந்திரங்கள். அவற்றிற்குப் பிராணவாயு வேண்டா. எஞ்சியிருக்கும் உடலுக்கு ஒரே வேகத்தில் ஓடும் மூச்சுக்கருவி பெரும்பாலும் போதும். அவன் களைப்படையாமைக்குக் காரணம் தகட்டின் வன்மையன்று, களைப்படையும் தசைகள் பல அவனிடம் இல்லாமையே.

யந்திரத்தின் துணையால் மூச்சுவிட்டு வாழ்தல் கதையில் மட்டும் உள்ளதன்று. 1928-இல் ஹார்வர்டைச் சார்ந்த பிலிப் டிரிங்கர் என்பாரும் அவர்தம் துணைவரும் அமைத்த இரும்பு நுரையீரல், இளம்பிள்ளை வாதத்தால் மார்புத் தசை செயலற்றோரைக் கழுத்தளவும் பெட்டிக்குள் வைத்து, உள்ளிருக்கும் காற்றழுத்தத்தைக் குறைத்தும் கூட்டியும் மூச்சுவிடச் செய்தது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் அந்நோய் பரவியபோது அத்தகைய யந்திரங்கள் போதவில்லை. அப்பொழுது பியோர்ன் இப்சன் என்னும் வைத்தியர், நோயாளிகளின் கண்டத்தைத் துளைத்துக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் முறையைக் கைக்கொண்டார். கை ஓயாது அமுக்குவார் யார்? ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அப்பணியை ஆற்றினர். கல்லூரி மலர் ஒன்றில் இச்செய்தியை விரைந்து கடக்க நமக்கு மனம் வரவில்லை. அந்நோயாளிகளின் மூச்சு, முன்பின் அறியாத மாணவரின் கையிலிருந்தது. வேடரின் மூச்சோ அவனை அடிமைகொண்ட பேரரசன் அளித்த யந்திரத்தில் இருந்தது.

அதே 1952-இல் ஆறு வயதில் அந்நோய்க்கு ஆளான டெக்சாஸ் நாட்டுப் பால் அலெக்சாண்டர் என்பார், இரும்பு நுரையீரலில் வாழ்ந்துகொண்டே சட்டம் பயின்று வழக்கறிஞராகி, 2024-ஆம் ஆண்டு வரை உயிர்வாழ்ந்தார். தொண்டையால் காற்றை விழுங்கிச் சில மணிநேரம் பெட்டிக்கு வெளியே இருக்கவும் அவர் பழகியிருந்தார். வேடருக்கு அப்பயிற்சி வாய்க்கவில்லை.

யந்திரக் கையின் ஆற்றலைச் சுருங்கக் கூறுவோம். முதற்படத்தின் தொடக்கத்திலேயே கப்பற்றலைவன் ஒருவனைக் கழுத்தைப் பிடித்து ஒரு கையால் தூக்குகிறான். யந்திர விரல்கள் அப்பளுவைத் தாங்குதல் வியப்பன்று. அப்பளு முழுதும் தோளெலும்பிலும் முதுகெலும்பிலும் அன்றோ இறங்கும்? தோளை மூடும் அகன்ற தகட்டிற்கு உண்மையான வேலை இதுவாகவே இருக்கவேண்டும்: பளுவை உடற்பகுதி முழுதும் பரப்புதல்.

பகைவர் படைக்கலத்தின் முன் இக்கவசம் எத்தன்மைத்து? 1980-ஆம் ஆண்டுப் படத்தில் ஒளித்துப்பாக்கியின் கணைகளை உள்ளங்கையால் விலக்குகிறான்; அது மந்திர வலிமையோ, கையுறையின் வன்மையோ, படம் விளக்கவில்லை. அதே படத்தில் லூக்கின் வாள் தோளில் படுங்கால் பொறி பறக்கிறது, வேடர் அலறுகிறான், ஆயினும் வீழ்வதில்லை. 1983-ஆம் ஆண்டுப் படத்தில் அவனது வலக்கை ஒரே வீச்சில் அறுபட்டுக் கம்பிகள் வெளித்தோன்றுகின்றன. தகடு உள்ள இடத்தில் சிறிது தாங்கும்; இல்லாத இடத்தில் தாங்காது. அவ்வளவே.

இறுதியில் அவனைக் கொன்றது வாளுமன்று, கணையுமன்று. தன் மகன் லூக்கைக் காக்கும்பொருட்டுப் பேரரசனைத் தூக்கியெறியுங்கால், அவன் கைகளினின்று பாயும் மின்னல் வேடரின்மேல் இறங்குகிறது. மின்னாற்றலால் உயிர்தரும் கருவிகளுக்கு மிகுமின்னே நஞ்சு. மூச்சுக்கருவி பழுதுற்று, ஒலி தடுமாறுகிறது. முகமூடியைக் கழற்றுமாறு அவனே வேண்ட, கழற்றினால் இறப்பாய் என மகன் மறுக்க, அதனை இனித் தடுக்கவியலாது என்கிறான். அதுகாறும் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்பாரின் முழக்கக் குரலில் பேசிவந்தவன், முகமூடி நீங்கியபின் செபாஸ்டியன் ஷா என்னும் முதிய நடிகரின் மெலிந்த குரலில், யந்திரத்தின் துணையின்றிச் சில சொற்கள் பேசுகிறான்.