நெடுந்தீவில் ஒரு தண்ணீர்ப் பாடம்

"ரீச்சர், நாங்கள் பாலைவனத்துக்கோ போறம்?"

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு சிறுவன் கேட்டான். வறள்நிலத்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். புத்தகத்தில் ஒட்டகமும் மணல்மேடும் கண்டவன் அதை அப்படி விளங்கிக்கொண்டான்.

வந்த பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் தீவக விவசாயக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். 1990 ஓகஸ்ட்டில் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது கையில் அகப்பட்டதோடு வெளியேறிய குடும்பங்கள். பிள்ளைகள் வளர்ந்தது கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்கால் ஓரத்தில். வாய்க்காலைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதே அவர்கள் அறிந்த விவசாயம். இப்போது சிலரின் பெற்றோர் ஊர்க் காணியைத் துப்புரவாக்கி வருகிறார்கள். ஆகவேதான் இந்தப் பயணம்.

சோளகத்தில் கடல் கொந்தளித்தது. நாலு பேர் சத்தி எடுத்தார்கள். 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்த கொலைகளைப் பற்றிக் கரையேறிய பின்னரே பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

முதலில் பெருக்க மரம். ஆபிரிக்காவின் வறண்ட நிலங்களுக்குரிய மரம் இது. அராபிய வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பார்கள். மழைக்காலத்தில் பருத்த அடிமரத்தில் நீரைச் சேமித்து, கோடையில் இலையை உதிர்த்துச் செலவைக் குறைத்துக்கொள்ளும். உட்பொந்துக்குள் நுழைந்து வந்த ஒரு சிறுமி, "தனக்கெண்டு ஒரு கேணி கட்டி வச்சிருக்குது" என்றாள். அதைவிட நல்ல விளக்கம் எங்களிடமும் இருக்கவில்லை. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை வெளியில் மேய்ந்தன. கடும் வறட்சியில் அவை தண்ணீரின்றிச் செத்ததும் உண்டு. முருகைக்கல்லை அடுக்கிய வேலிகளையும் பார்த்தோம். கதியாலும் கிடுகும் மட்டுமே கண்ட பிள்ளைகளுக்கு அது புதுமை.

ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தையே பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். நம் தீவுகளில் அதைவிட எவ்வளவோ அதிகம் பெய்கிறது. ஆனால் பெரும்பகுதி மாரியின் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆறு இல்லை. நிலத்தடியில் துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். பழந்தமிழர் பாலையைத் தனி நிலமாக எண்ணவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வறண்டு கெட்டால் அதுவே பாலை என்றார்கள். நிலம் பாலையாக மாறக்கூடும் என்பதைப் பிள்ளைகள் கவனித்துக் கேட்டார்கள்.

மாறுவது எப்படி என்று காட்ட ஒரு கண்ணாடிக் குவளையில் கடல்நீரை எடுத்து, சட்டைக்குப் போடும் நீலத்தைக் கரைத்தோம். அதன்மேல் கரண்டி வழியாக நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது. மேலே தெளிவாக நின்றது. நம் கிணறுகளும் இப்படித்தான். மழைநீர் நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உவரைத் தள்ளிவைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தாலோ, உவர் அத்தனை அடி ஏறப் பார்க்கும். ஒரு பெடியன் குழாயை விட்டு வேகமாக உறிஞ்சினான். நீலம் சுழன்று மேலே வந்தது, அவன் துப்பினான். எல்லோரும் சிரித்தார்கள்.

துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஊர் திரும்புவோர் பாழ்பட்ட கிணற்றை ஒரே நாளில் வற்ற இறைத்துச் சுத்தம் செய்ய ஆசைப்படுகிறார்கள். அது ஆபத்து. சிறிது சிறிதாக, நாட்கணக்கில் இறையுங்கள். கிணற்றுச் சுவரில் நீர்மட்டத்துக்குக் கோடு போடுங்கள். இறைக்கும்போது இடையிடையே வாயில் வைத்துப் பாருங்கள். கரிப்புத் தட்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தூர்ந்த கேணிகளை மாரிக்கு முன்னரே தோண்டிவிடுங்கள்.

சாராப்பிட்டிக் கிணற்றடியில் நின்ற ஓர் ஆச்சி பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்தார். "குடியுங்கோ மோனை, கை கழுவி ஊத்தாதேங்கோ" என்றார். பெருக்க மரத்துக்குள் நுழைந்த அந்தச் சிறுமி ஒரு போத்தலில் நிரப்பிக்கொண்டாள், தகப்பனுக்குக் காட்ட.

வேலணையில் காணி வெட்டிக்கொண்டிருந்த தகப்பன் ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். "நல்ல தண்ணி. கிணறு எத்தினை முழம் எண்டு கேட்டனியே?"

அவள் எங்களைப் பார்த்தாள். நாங்களும் கேட்கவில்லை. அடுத்த முறை கயிறு கொண்டு போகவேண்டும்.